இருபது வருடத்தில் ஒருத்தி

அமீர்பேட்டில் மாடிக்கு மாடி அமெரிக்காவை விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மாடியில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர் ஸ்வப்னா மேடம், ஹிமஜாவின் மதிப்பெண்களை ஒரு நோட்டம் விட்டார்.

"நீ கேக்கற யுனிவர்சிட்டியில சீட் கிடைக்க எழுபது பர்சென்ட் வாய்ப்பு இருக்கு. புரொஃபசரோட சிபாரிசுக் கடிதம் பலமா இருந்தா எண்பது."

அந்த எண்பதை நம்பி ஹிமஜா கைக்கு வந்த வேலையை உதறினாள். வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கவும் இல்லை. வேலையை விடாதே என்று வீட்டில் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடிதம் பலமாக இல்லாமல் எங்கே போகும்? அவளே எழுதியதுதானே. அந்தக் கல்லூரியில் அதுதான் நடைமுறை. பேராசிரியர் சேஷய்யாவின் முன்னால் போய் நின்றால், தலையைக்கூட நிமிர்த்தாமல், "நீயே எழுதிட்டு வாம்மா, அனுப்பிடறேன்" என்பார். 'என் இருபது வருட அனுபவத்தில் இவருக்கு இணையான இன்னொருவரைக் கண்டதில்லை' என்று தன்னைப் பற்றித் தானே எழுதியபோது ஹிமஜாவுக்குக் கூச்சமாக இருந்தது. நாலைந்து முறை படித்த பிறகு அது உண்மை என்றே தோன்றிவிட்டது.

ரித்விக் அதே வகுப்பு. விண்ணப்பித்ததும் அதே பல்கலைக்கழகத்துக்கு. அவனும் சேஷய்யாவிடம்தான் கடிதம் வாங்க வேண்டும்; அவளுடைய கடிதத்தை மாதிரிக்குக் கேட்டான். "எல்லாத்தையும் மாத்தி எழுதுடா" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவன் மதிப்பெண்ணுக்கு முப்பது பர்சென்ட்கூடத் தேறாது என்று கணக்குப் போட்டிருந்தாள். இல்லையென்றால் கொடுத்திருப்பாளா என்ன?

மார்ச் மாதம் வந்தது. ஒவ்வொருவருக்காகப் பதில் வந்துகொண்டிருந்தது. ஹிமஜாவுக்கு மட்டும் 'பரிசீலனையில்' என்ற அதே வார்த்தை. போனைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ரித்விக்கை அழைத்தாள். "உனக்கு வந்துச்சா?"

"எங்க? எனக்கும் அப்படியேதான் நிக்குது."

"கடிதத்தை மாத்தினியாடா?"

"மாத்தினேன் தாயே. அந்த இருபது வருஷம் மட்டும் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டேன்."

ஹிமஜா தன் கடிதத்தைத் திறந்து அந்த வரியைத் தேடினாள். அதன்பிறகு அவன் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் மத்தியானம் சேஷய்யாவே அழைத்தார். நான்கு வருடத்தில் அவர் அவளை அழைத்ததே இல்லை.

"ஹிமஜாதானேம்மா? அமெரிக்காவுலேர்ந்து கேக்கறாங்க. இணையே இல்லாத ஆளுங்க ஒரே வகுப்புல ரெண்டு பேர் எப்படின்னு. சாயங்காலம் என்கிட்ட வீடியோவுல நேர்ல பேசணுமாம்."

"சார், வகுப்புல முதல் மார்க் நான்தான் சார். புராஜெக்ட்கூட உங்ககிட்டதான் சார் பண்ணேன்."

"பதறாதம்மா. ரெண்டு பேர்ல யாரு ஒசத்தின்னு கேட்டா உன் பேரைச் சொல்லிடறேன். போதுமா?"

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ரொம்ப நன்றி சார்."

"உன்னைப் பத்தி நாலு வார்த்தை கேப்பாங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்." அவர் கொஞ்சம் யோசித்தார். "முதல் பெஞ்ச்ல, கண்ணாடி போட்டுக்கிட்டு, கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுமே, அந்தப் பொண்ணுதானே நீ?"

ஹிமஜா கண்ணாடி போட்டதே இல்லை.

"ஆமா சார்," என்றாள், கொஞ்சம் திக்கி. "அ... அந்தப் பொண்ணுதான்."