துருக்கிச் செரி

ஏலெவல் பரீட்சை முடித்த பிள்ளை, பல்கலைக்கழகம் பிறகு பார்ப்போம், ஒரு வருடம் உலகம் சுற்றப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கு நித்திரை வரும்? அந்தச் செலவுக்குக் காசு சேர்க்க, கென்ட் பக்கத்துப் பண்ணை ஒன்றில் தங்கிச் செரிப்பழம் பறிக்கப் போகிறாளாம் என் மகள் துஷ்யா. குடித்த தேநீர்க் கோப்பையைக் கழுவி வைக்காதவள்! இதற்குப் பின்னால் ஒரு பெடியன் இருக்கிறான் என்று எனக்கு அன்றைக்கே பட்டது.

"முதல் பறிக்கிற பழம் கோயிலுக்கு. மறக்காமல் கொண்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். முதல் ஞாயிறே ஒரு பெட்டியோடு வந்தாள். முருகனுக்குப் படைத்துவிட்டு, "என்ர மகள் பறிச்சது" என்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெட்டி வந்தது.

அவள் பண்ணைக்குத் திரும்பிப் போன பிறகு, ஐந்தாவது பெட்டியைக் கழுவும்போதுதான் அடியில் பாதி சுரண்டிய ஸ்டிக்கரைக் கண்டேன். லண்டன் ஈஸ்ட் ஹாம் கடை ஒன்றின் பெயர். அதன் கீழே, விளைந்த நாடு துருக்கி என்று.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என்னை ஏமாற்றியது போதாதென்று முருகனையும் ஏமாற்றியிருக்கிறாள். அப்படியென்றால் இந்த ஐந்து வாரமும் எங்கே, யாரோடு இருந்தாள்?

"அவளிட்டையே கேளுமன்" என்றார் என் கணவர் ஸ்ரீதரன்.

"கேட்டால் சொல்லுவாளே? நீங்கள் காரை எடுங்கோ."

குட்மேய்ஸில் எங்கள் வீட்டிலிருந்து பண்ணைக்கு ஒன்றரை மணி நேரம். அவள் அங்கே இருக்கமாட்டாள், எங்கே இருந்தாலும் பிடித்துக் கையோடு கூட்டி வந்து உலகம் சுற்றுவதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். வழி முழுவதும் இதே நினைப்பு.

பண்ணை வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொப்பியோடு நின்றாள். முன்கூட்டியே பெயரைப் பதியாதவர்களை உள்ளே விடுவதில்லையாம். "நகுலேஸ்வரி" என்றேன். எழுத்துக்கூட்டச் சொல்வாள் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே பழைய பக்கமொன்றைப் புரட்டினாள். துஷ்யாவின் அம்மாதானே, உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றாள். என் பெயர்தான், என் மகளின் கையெழுத்தில். பக்கத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளின் திகதி.

துஷ்யா வந்தாள். விரல்களில் செரிக் கறை, முழங்கை வரை கீறல்.

"அப்ப அந்தப் பழமெல்லாம்?"

"இஞ்சயிருந்து ஒரு பழமும் வெளியில கொண்டுபோக ஏலாதம்மா. கோயிலுக்கு எண்டு கேட்டனீங்கள். வெறுங்கையோட வந்திருந்தா நான் இஞ்ச வேலை செய்யிறன் எண்டு நம்பியிருப்பீங்களே?"

"என்ர பேரை ஏன் அண்டைக்கே எழுதினனி?" என்றேன்.

"நீங்கள் சோதிக்க வருவீங்கள் எண்டு தெரியும். வாசல்ல மறிச்சா உங்களுக்கு அவமானமாயிருக்குமெல்லே."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.