இங்கே தின்றால் அங்கே நிறையும்

கூட்டுறவுக் காய்கறிக்கடை திறந்த மூன்றாம் வாரம், தையற்காரி மதியம் சுரைக்காய் சாப்பிட்டாள். இரண்டு நாள் பயணத் தொலைவில், துறைமுகத்தில் கப்பலுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த அவள் கணவனுக்கு வயிறு நிறைந்தது. அன்று கடையில் சுரைக்காய் மலிவு. வெயில் அதிகம். வேறு விசேஷம் எதுவும் இல்லை.

மாலையில் அவன் போன் செய்தான். "ஏய், மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"சுரைக்காய். ஏன்?"

"நான் இங்க பச்சத்தண்ணிகூடக் குடிக்கலை. ஏப்பம் வருது. சுரைக்காய் ஏப்பம்."

கடையைத் தொடங்கியவளே அவள்தான். நெடுஞ்சாலையோரம் குளிரூட்டிய பெரிய கடை வந்தபிறகு ஊருக்குக் காய்கறி எல்லாம் லாரியில்தான் வந்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிணற்று மோட்டாரைக் கழற்றி விற்றார்கள். மோட்டார் இல்லாத ஊரில் மோட்டார் மெக்கானிக்குக்கு என்ன வேலை? அவள் கணவன் பட்டறையைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனான். அவள் அழவில்லை, யோசித்தாள். ஊர் தன் நிலத்தில் விளைந்ததைத் தின்றால் நிலத்துக்காரன் பிழைப்பான். மறுபடி மோட்டார் ஓடும். ஓடுகிற மோட்டார் என்றைக்காவது கெட்டுப்போகும். கெட்டுப்போனால் புருஷன் வருவான். கடைக்கு இதைவிடப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. வீடு வீடாகப் போய் உறுப்பினர் சேர்த்தாள், பட்டறையையே கடையாக்கினாள், வாசலில் 'நம் மண்ணில் விளைந்தது மட்டும்' என்று பலகை எழுதி மாட்டினாள், தராசுக்கு நாத்தனாரை உட்காரவைத்தாள்.

சுரைக்காய் விஷயம் மற்றவர்களுக்கும் நடந்தது. யாரை நினைத்துக்கொண்டு சாப்பிட்டார்களோ அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பிளம்பர் சாப்பிட்டால் வெளியூரில் படிக்கிற மகளுக்கு நிறைந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர், பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன தம்பியை நினைத்துக்கொண்டு தினமும் பாகற்காய் தின்றார். அவருக்கும் அது பிடிக்காதுதான். "அவன் மூஞ்சி போற போக்கை இங்கருந்தே பார்க்கிறேன்ல, அது போதும்" என்றார். நெடுஞ்சாலைக் கடைச் சரக்குக்கு இந்தக் குணம் இல்லை என்று தெரிந்ததும் ஊரே இங்கே வரிசையில் நின்றது. நிலங்கள் பச்சையாயின. மோட்டார்கள் ஓடின, கெட்டும் போயின. பழுதுபார்க்க அடுத்த ஊரிலிருந்து ஒருவன் வந்தான். கணவன் வரவில்லை.

முன்பெல்லாம் ஒரு லீவு விடமாட்டான். நாக்கு செத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டே பேருந்திலிருந்து இறங்குவான். இப்போது அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்றான், அதற்கடுத்த லீவுக்கும் அதையே சொன்னான். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அவனை ஊருக்கு இழுத்துவந்தது அவன் வயிறுதான், அவள் அல்ல என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது.

"வீட்டுச் சாப்பாடு தினமும் வந்துடுதே, அப்புறம் என்ன?" என்றான்.

"சாப்பாடு வருது, சரி. நான்?"

லைன் சரியில்லை என்றான். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் நெடுஞ்சாலைக் கடைக்குப் போய்ப் பன் வாங்கி, வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் நின்றபடி தின்றாள். பஞ்சைத் தின்றதுபோல் இருந்தது. துறைமுகத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அதன்பிறகு தினமும் பன்தான். இரண்டு வருடமாக அவள் கைச் சாப்பாட்டில் பழகிய வயிறு வேறெதையும் ஏற்கவில்லை. அங்கே அவன் எதைத் தின்றாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகப் போயிற்று. அவளுடைய தையல் மெஷின் டிராயரில் பன் உறைகளை நாத்தனார் கண்டுபிடிப்பதற்குள் அவனுக்குக் கன்னம் ஒட்டிவிட்டது.

"போர்டு எழுதினது நீங்கதானே அண்ணி?"

"நான்தான்."

"எங்கண்ணனைப் பட்டினி போட்டுக் கொல்றீங்களா?"

"கொல்லலை. கூப்பிடுறேன்."

"செத்துட்டா வரமாட்டான், தெரியும்ல?"

"தெரியும். அதான் சாயங்காலம் நம்ம கடை கேரட் ஒண்ணு சாப்பிடுறேன்."

நாத்தனார் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. கொஞ்சநேரம் சிரித்துவிட்டு, அழுதுவிட்டு, தராசுக்குத் திரும்பினாள்.

அவன் வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஏன் எதற்கு என்று கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட்டான், அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். லீவு முழுக்க அப்படித்தான். நடுவில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தான். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று அவன் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியும். லீவு முடிந்ததும் போய்விட்டான்.

அடுத்த நாள் அவள் கடைக்கு வந்தாள். நாத்தனார் வழக்கமான எடையைத் தட்டில் வைத்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பாதியை எடுத்துக் கடைக் கூடையிலேயே திரும்பப் போட்டாள்.

அன்றிலிருந்து தையற்காரி அரை வயிறுதான் சாப்பிடுகிறாள். அவன் விழாமலிருக்க அது போதும். அங்கேயே இருந்துவிட அது போதாது. வருடம் முடிவதற்குள் பிளம்பரும் மற்றவர்களும் அப்படியே வாங்கத் தொடங்கினார்கள். நிலத்துக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு விதைப்பைக் குறைத்துக்கொண்டார்கள். லீவு நாட்களில் ஊருக்கு வருகிற பேருந்தின் படியில்கூட நிற்க இடம் கிடைப்பதில்லை.

"இன்னும் கொஞ்சம் பசிக்குது" என்பான் அவன், போனில்.

"இருக்கட்டும்" என்பாள்.