துண்டுக்குள் பேசிய விரல்கள்

மரக்காணம் ஆட்டு வியாபாரி ஹபீப் முஹம்மது, யார் சொன்ன முதல் விலைக்கும் தலையாட்டியவரில்லை. 2006-இல் தில்லி ஆஸ்பத்திரியில், புராஸ்டேட் சுரப்பியில் புற்று, வயிற்றில் ஓட்டை போட்டு ரோபோவால் எடுத்தே ஆகவேண்டும் என்ற டாக்டர் சித்தார்த்தனிடமும் பேரத்தைத்தான் தொடங்கினார்.

"எத்தினி ஓட்டை போடுவீங்க?"

"ஆறுங்க பாய்."

"அஞ்சுல முடிங்களேன்."

டாக்டர் திண்டிவனத்துக்காரர், சிரித்துவிட்டார். "குறைச்சா ரோபோவுக்குக் கை பத்தாதுங்க. நான் பத்தடி தள்ளி ஒக்காந்து வெரலை ஆட்டுவேன். உங்க வயித்துக்குள்ள அது ஆடும்."

"யா அல்லாஹ்!" என்றாள் மனைவி சைபுன்னிசா.

ஹபீபுக்கோ முகம் தெளிந்தது. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர். "நம்ம யாவாரம்தான். வெரல் தெரியாது, வேலை நடக்கும். அது கெடக்கட்டும், மூத்திரம் ஒழுகுமா? ஒரு சொட்டு விழுந்தா, தொழுகைக்குக் கை கால் கழுவின ஒளு போயிடும். நான் பள்ளிவாசல்ல ஜமாஅத்தோட வரிசையில நிக்கணும்."

"சில வாரம் ஒழுகும். அப்புறம் ஒழுக்கு அநேகமா நின்னுடும். மெஷின் புதுசு, எழுதித் தரமாட்டேன்."

"எழுதித் தராதவன் சரக்குதான் நல்ல சரக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

புற்று போனது, ஒழுக்கு போகவில்லை. ஊர் திரும்பியவரிடம் பள்ளிவாசல் இமாம், "உங்களுக்குச் சலுகை இருக்குது பாய். துணி வெச்சிக்கிட்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சிட்டு வாங்க" என்றார்.

"வரிசையில நின்னா சுத்தமா நிக்கணும்" என்று ஹபீப் மறுத்துவிட்டு வீட்டிலேயே தொழுதார்.

"கத்திரிக்காய்க்கு அரை மணி மல்லுக்கட்டுற மனுசன், அல்லாஹ் குடுக்குற தள்ளுபடிய வேணாம்ங்கறாரே!" என்றாள் சைபுன்னிசா.

டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விடவில்லை. அடக்குவதுபோல் அடிவயிற்றுக்குக் கீழே இறுக்கி, பத்து எண்ணி, விடவேண்டும். ஆட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டே இறுக்குவார். எதிராளிக்கு ஒன்றும் தெரியாது. விலை சொல்லத் தயங்குகிறார் என்று நினைத்து அவனே இறங்கி வருவான்.

ரமலான் கடைசியில் துணி நனைவது நின்றது. ஆனாலும் சந்தேகம்: நோன்பில் பகலெல்லாம் தண்ணீரே குடிக்காதவனுக்கு எது ஒழுகும்? பெருநாள் காலை, பேரீச்சம்பழத்தோடு இரண்டு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"பைத்தியமா உங்களுக்கு?"

"சரக்கை ஓட்டிப் பாக்காம எவன் வாங்குவான்?"

உப்பளத்துப் பக்கம், பெருநாள் தொழுகை நடக்கும் ஈத்கா திடல். வரிசையில் தோளோடு தோள் நின்று, முதல் ருகூவில் குனிந்தபோது மூக்கில் உப்புக்காற்று ஏறியது. அடக்கினார், அடங்கவில்லை. வரிசையே அதிரத் தும்மினார்.

காத்திருந்தார். ஒன்றுமில்லை. உப்புப்பாத்தி பங்குனியில் காய்வதுபோல் துணி காய்ந்திருந்தது.

வீட்டு வாசலில் சைபுன்னிசா கண்ணாலேயே கேட்டாள்.

"பாயசம் ஊத்து. டம்ளர் வேணாம், சொம்புல ஊத்து."