ஹொசியத்தின் கைப்பக்குவம்

சனோபர் சொந்த வீட்டுக்குக் குடிவந்தது மே மாதக் கடைசியில். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் மாமியார் வீட்டில், மூன்று ஓரகத்திகளோடு ஒரே அடுப்பைப் பங்குபோட்டுக்கொண்டு காலம் தள்ளியவள். குழம்புக்கு எவ்வளவு உப்பு என்பதைக்கூட இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். இஸ்ஃபாரா ஊரின் ஓரத்தில், வாய்க்கால் திரும்பும் இடத்தில் இந்த வீட்டை வாங்கிச் சாவியை அவள் கையில் கொடுத்த மறுநாளே, கணவன் உபைத் கட்டட வேலைக்காக ரஷ்யாவுக்கு ரயிலேறிவிட்டான். ஆகஸ்ட் கடைசியில்தான் விடுப்பு. வீட்டில் அவளும் ஏழு வயது மகள் ஷஹ்லோவும் மட்டும்.

புருஷன் இல்லாத குறை இருந்ததுதான். ஆனால் விடிவதற்குள் எழுந்து, வாய்க்கால் பலகையைத் தூக்கித் தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பும்போது அந்தக் குறை மறந்துபோகும். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி, விரல் நீள வெள்ளரிப்பிஞ்சைப் பறித்துப் பாவாடையில் துடைத்து அங்கேயே நின்று கடித்துத் தின்பாள். யாரும் எண்ணிக்கை கேட்கப்போவதில்லை. திங்களும் வெள்ளியும் தந்தூரில் ரொட்டி. மற்ற நாட்களில் கீரை வைத்த சமோசா, தயிர், கையால் கிள்ளிப்போட்ட, துளசிபோல மணக்கும் ரெய்ஹோன் இலை. முற்றத்து மரமேடையில் விரிப்பை விரித்து, தாயும் மகளும் ராணிகள்போல உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வீட்டை விற்ற தாவ்லத் என்பவன் மனைவியை இழந்தவன். போகும்போது சட்டி, கொப்பரை, ஜாடி, கரண்டி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் நீங்களே வச்சுக்கங்க, எனக்கு எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். நல்ல மனசுக்காரன் என்று சனோபர் நினைத்துக்கொண்டாள்.

ஜூன் பாதியில் ஆப்ரிகாட் பழுத்தது. வாசல் பக்கம் ஒரு மரம், சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு மரம். பழங்களைப் பிளந்து கொட்டையை எடுத்துவிட்டு, மொட்டை மாடியில் பாய் விரித்து, வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி வரிசையாகப் பரப்பினாள். நடுப்பகலில் திருப்பிப் போட ஏணியில் ஏறினாள். பழங்கள் ஏற்கெனவே திருப்பப்பட்டிருந்தன. நாலு பாய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒன்று விடாமல் முதுகு காட்டிப் படுத்திருந்தன.

கீழே வந்து மகளைக் கேட்டாள். "மேல ஏறினியா?"

"எனக்கு ஏணின்னா பயம்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் ஷஹ்லோ, பொம்மைக்குத் தலை பின்னியபடி.

வெயிலில் புத்தி கலங்கிவிட்டது, நாமே திருப்பிவிட்டு மறந்திருப்போம் என்று விட்டுவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பிசைந்து மூடிவைத்த மாவை யாரோ ஒருமுறை அமுக்கிப் பிசைந்து, துணியின் நாலு மூலையையும் உள்ளே செருகி வைத்திருந்தார்கள். அவள் ஒருபோதும் அப்படிச் செருகுவதில்லை. தக்காளிச் செடிகளில் வேண்டாத கிளைகள் கிள்ளப்பட்டு, பாத்தி ஓரத்தில் சின்னக் குவியலாகக் கிடந்தன.

விசித்திரம் என்னவென்றால், அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஓரகத்தியும் இப்படிக் கூடமாட ஒத்தாசை செய்ததில்லை. ஒரு நாள் வேடிக்கையாக, "ரொம்ப சந்தோஷம், உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போறது" என்று காலி முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒரு இலை அசையாத உச்சிவெயில். சமையல்கட்டின் திரை மட்டும், யாரோ உள்ளே நுழைந்ததுபோல ஒதுங்கி, மெல்ல விழுந்தது. அப்போதுதான் கழுத்துக்குப் பின்னால் வேர்வை குளிர்ந்தது.

ஜூலையில் ஒரு மதியம், பக்கத்து வீட்டு ரஃபோத் அபா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். ஐம்பது வயது, அக்கா என்ற மரியாதையில் எல்லோருக்கும் அபா, வாயாடி, தெருவில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பது அத்துப்படி. ஆனால் அன்றைக்கு அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னடி வைக்கிற?"

"சும்மா ஷுர்போதான் அபா. ஆட்டெலும்பு, உருளை, கேரட்."

"சீமைமாதுளை இலை போட்டிருக்கியா?"

"சூப்புல யாராவது அந்த இலையப் போடுவாங்களா?" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள். கொதிக்கும் சூப்பின் மேல் மூன்று இலைகள் சுழன்றன. பறித்த ஞாபகம் இல்லை. போட்ட ஞாபகமும் இல்லை.

ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். ரஃபோத் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்தாள்.

"நல்லா இல்லையா அபா?"

"நல்லா இருக்கு. அதான் எனக்குப் பிடிக்கல. இந்தத் தெருவுல ஹொசியத் மட்டுந்தான் இப்படி வைப்பா." வீட்டை விற்றவனின் செத்துப்போன மனைவி பெயர் அது. சனோபர் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

மேலே கேட்க வாயெடுப்பதற்குள் ரஃபோத் தலையை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பின் சனோபர் தன்னைத்தானே கண்காணிக்க ஆரம்பித்தாள். பயனில்லை. வேலை கைக்குள் நன்றாகப் பிடிபட்டு ஓடும்போது மனசு எங்கோ போய்விடுகிறது. திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கிறது, அவளுக்குத் தெரியாத பக்குவத்தில். தந்தூரில் ஒட்டுமுன் ரொட்டியின் நடுவில் குத்துகிற பூ முத்திரை, அவளறியாத வேறொரு வடிவத்தில் விழுந்திருந்தது. ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே ஷஹ்லோ கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஏன் அந்தக் கையால நறுக்குற?"

கத்தி இடது கையில் இருந்தது. பலகையில் வெங்காயம் முடியிழைபோல விழுந்து கிடந்தது. கத்தியை வலக்கைக்கு மாற்றினாள். அடுத்த வெட்டு கோணலாக, தடிமனாக விழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

ரஃபோத் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். சனோபர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "ஹொசியத் இடக்கைக்காரியா அபா?"

பீன்ஸ் உரிப்பது நின்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

ரஃபோத் முறத்தை ஒதுக்கி வைத்தாள். "அவ புருஷன் அடிப்பான். உப்பு கூடினா ஒரு அறை, குறைஞ்சா ரெண்டு. எங்கயாவது வேலைக்குப் போவான், அந்த நாலு மாசம் இவ தோட்டத்துல பாட்டுப் பாடுவா. திரும்பி வந்தான்னா அந்தப் பக்கத்துலேர்ந்து சத்தமே வராது, அவன் சத்தத்தத் தவிர. போன வருஷம் ஆகஸ்ட்ல வந்தான். அன்னிக்கு ஹல்வா கிண்டினா. ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள அவ போயிட்டா. அவன் மூணு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்து பொழச்சு வந்தான்."

"ஹல்வாவுல என்ன?"

"ஊறுகாய் கெட்டுப்போயிருந்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதையேதான் சொன்னேன்." ரஃபோத் ஒரு பீன்ஸைக் கையில் உருட்டினாள். "அவ போட்ட ஊறுகாய் ஒரு நாளும் கெட்டதில்ல சனோபர்."

"அப்புறம் அவளே ஏன் சாப்பிட்டா?"

"நீ மொதல்ல சாப்பிடுன்னு அவன் சொல்லியிருப்பான். சந்தேகப் பிராணி. இவ மாட்டேன்னு சொன்னா விஷயம் தெரிஞ்சிடும் இல்லையா."

உபைத் போனில் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை வருகிறானாம். சந்தோஷத்தில் சனோபருக்கு மற்றதெல்லாம் பின்னுக்குப் போயிற்று. கம்பளங்களைத் தட்டினாள், மரங்களின் அடிக்குச் சுண்ணாம்பு பூசினாள். உக்கிராண அறையைப் பெருக்கும்போது, மாவுப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ஜாடி தட்டுப்பட்டது. வாய்வரைக்கும் உரித்த ஆப்ரிகாட் பருப்பு. வெள்ளை வெளேரென்று, தோல்கூட நீக்கி.

வாசல் மரத்துப் பருப்பு இனிக்கும். அதை அவ்வப்போது ஷஹ்லோவுக்கு உடைத்துக் கொடுப்பாள். பின்கட்டு மரத்துப் பருப்பு கசப்பு. ஒரு பிடி தின்றால் ஆளையே கொன்றுவிடும் என்று அதை யாரும் வாயில் வைப்பதில்லை. அந்தக் கொட்டைகளைத் தந்தூர் எரிக்க ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தாள். ஒரு பருப்பை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். ஓடிப்போய்க் குவியலைப் பார்த்தாள். வெறும் ஓடுகள். பக்கத்தில் ஒரு வழுவழுப்பான கல். தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நடுவில், நாள்பட்டுக் காய்த்துப்போன தழும்பு.

ஜாடியை வாய்க்காலில் கொட்டினாள். தண்ணீர் அத்தனையையும் அடித்துக்கொண்டு போகும்வரை நின்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே உபைத் வந்தான். மெலிந்து கறுத்திருந்தான். மகளுக்கு ஒரு கடிகாரம், மனைவிக்கு ஒரு சால்வை. "இது நம்ம தோட்டமா, இல்ல சொர்க்கத்துல வழி தவறி எறங்கிட்டனா?" என்று கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி வாய்க்காலோரம் குந்தி முகம் கழுவினான். மூக்கால் ஏதோ பாடிக்கொண்டே கழுவினான். சனோபர் சிரித்துக்கொண்டே சமையல்கட்டுக்குள் போனாள். பிலாவ் சோற்றுக்குக் கேரட் நறுக்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு அவளுக்குக் கேட்டது மகளின் குரல். "எனக்கு, எனக்கு. ஒரு கரண்டி."

"கிட்ட வராத. இது ஒனக்கில்ல, அவனுக்கு."

சொன்னது அவள் வாய்தான். குரல் அவளுடையதில்லை, கரகரத்த, தாழ்ந்த குரல். மகள் நீட்டிய கிண்ணத்தை அவளுடைய முழங்கை தட்டிவிட, அது தரையில் உருண்டுகொண்டிருந்தது. ஷஹ்லோ வாயைப் பிளந்து அழக்கூட மறந்து நின்றாள். கொப்பரையில் ஹல்வா பொன்னிறமாகத் திரண்டிருந்தது. அதற்குள் அரைத்த பருப்பின் வெள்ளை. எத்தனை ஜாடி இருந்தனவோ, எங்கெங்கே இருந்தனவோ. இடது கை கரண்டியைப் பிடித்து நிதானமாகக் கிண்டிக்கொண்டிருந்தது.

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. வலது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். எருதை வாலைப் பிடித்து இழுத்தது போலிருந்தது.

"ஹொசியத் அபா" என்றாள். "அது உன் புருஷன் இல்ல. உன் புருஷன் வீட்ட வித்துட்டுப் போயிட்டான். இவன் என் புருஷன். இவன் என்னைத் தொட்டு அடிச்சதில்ல."

கை கிண்டிக்கொண்டே இருந்தது.

"ஷஹ்லோ, போய் அப்பாவக் கூட்டிட்டு வா. ஓடு."

உபைத் ஈர முகத்தோடு வாசலில் வந்து நின்றான். "ஹல்வாவா? வாசல்வரைக்கும் மணக்குது." ஒரு துண்டைக் கிள்ள விரலை நீட்டினான்.

"தொடாதீங்க. என் கையப் பிடிங்க. இந்தக் கைய. எதுவும் கேக்காம பிடிங்க."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தான், நீட்டிய விரலைத் திருப்பி அவள் இடக்கையைப் பிடித்தான். அவன் தொட்ட கணத்தில் அந்தக் கை கரண்டியைப் போட்டுவிட்டு, விருட்டென்று அவளுடைய முகத்துக்கு முன்னால் உயர்ந்தது. அறை விழப்போகிறது என்று மறைத்துக்கொள்கிற கை. உபைத் அப்படியே உறைந்தான். பன்னிரண்டு வருஷத்தில் தன் மனைவி அப்படிக் கையை உயர்த்தி அவன் பார்த்ததில்லை.

"யாரு உன்னை இப்படி பயப்பட வச்சது?" என்று மெதுவாகக் கேட்டான். கையை விடவில்லை. கீழே இறக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். அது பிடிபட்ட குருவிபோல வெடவெடத்தது. வெகுநேரம் வெடவெடத்தது. அவன் கட்டைவிரலால் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே நின்றான். கொப்பரை அடியில் பிடித்துக் கருகும் வாசனை எழுந்தது. பிறகு ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. அவளுடைய மூச்சா இல்லையா என்று சனோபரால் சொல்ல முடியவில்லை. கை கனத்து, சூடாகி, சாதாரணக் கையாக அவன் பிடிக்குள் கிடந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். உபைத் சிரிக்கவில்லை. ஹல்வாவைப் பார்த்தான், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் இடுப்பளவுக் குழி தோண்டிப் புதைத்தான். கொப்பரையையும் சேர்த்து. உக்கிராண அறையைக் கவிழ்த்துத் தேடியதில் இன்னும் இரண்டு ஜாடி கிடைத்தது. அன்றைக்கு அந்தக் குடும்பம் சந்தை ரொட்டியும் முலாம்பழமும் தின்றது.

வியாழக்கிழமை வந்தது. செத்தவர்களுக்காக எண்ணெய் காய்ச்சி, மாவைப் பொரித்து மணம் எழுப்புகிற நாள். அந்த மணம்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். தாவ்லத் ஒரு வியாழன்கூட அதைச் செய்ததில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள் சனோபர். ரஃபோத் அபாவைக் கூப்பிட்டாள். புதுக் கொப்பரையில் எண்ணெய் புகைந்தது. முதல் ரொட்டி உப்பி எழுந்தபோது ரஃபோத் கைகளை ஏந்தி ஓத ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்ன அபா?"

"எனக்கு எல்லாம் கேக்கும்டி" என்றாள் ரஃபோத். "இந்தச் சுவரு என்ன பெரிய சுவரு. ஒவ்வொரு அறையும் கேக்கும். நான் ரேடியோவச் சத்தமா வச்சிடுவேன்."

சனோபர் ஒரு ரொட்டியை எடுத்து ஆறவைத்து அவள் கையில் கொடுத்தாள். ரஃபோத் தின்னவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பொரித்ததையெல்லாம் ஒரு தாம்பாளத்தில் அடுக்கித் துணியால் மூடினாள்.

"ஏழு வீட்டுக்குக் குடுக்கணும். நானே போறேன்."

முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். யார் பேரில் என்று உள்ளிருந்து கேட்டார்கள். ஒரு வருஷமாக அந்தத் தெருவில் யாரும் நாலு பேர் காதில் விழச் சொல்லாத பெயரை ரஃபோத் உரக்கச் சொன்னாள். கதவைத் திறந்த பெண் தாம்பாளத்தையும் ரஃபோத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.