பெண் கேட்டு வந்த மரமஞ்சள்

தை பிறந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, பால் பாக்கெட் வருகிற நேரத்துக்கு, கல்லாற்றங்கரையில் வேர்விட்டிருந்த மரமஞ்சள் கொடி ஒன்று கரமனையில் மங்கலத்தின் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தது. வேர் கல்லாற்றிலேயேதான் இருந்தது. தலை மட்டும் மின்கம்பியையும் கேபிள் வயரையும் பிடித்துக்கொண்டு விதுரை, நெடுமங்காடு, பேரூர்க்கடை வழியாக, யார் வீட்டு ஓட்டையும் உடைக்காமல், வந்து சேர்ந்து காலிங் பெல்லை இலைநுனியால் அழுத்தியது. அன்றைக்கு முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது. எதிர்வீட்டில் அதைப் பற்றியே பேச்சாக இருந்ததால் கொடியைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்கள்.

மங்கலம் பயப்படவில்லை. இருபத்தைந்து வருடமாகக் கல்யாணம் பேசி முடிக்கிறவள் அவள். பெண் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு முகம் உண்டு, செருப்பை வெளியே விடலாமா உள்ளே விடலாமா என்று வாசலில் நின்று யோசிக்கிற முகம். கொடிக்கு முகமே கிடையாது என்றாலும் அதே முகத்தோடுதான் நின்றது. "உள்ள வா. வாசல்ல நின்னு பேசினா ஒரு காரியமும் நடக்காதாக்கும்," என்றாள். கொடி ஜன்னல் வழியாக வந்து நாற்காலியின் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தது. கல்லாற்றுக்குக் குளிக்கப் போகிற கரமனைக் குடும்பங்கள் தண்ணீரில் இறங்கியதும் சத்தமாகப் பேசுகிறவர்கள். அவர்கள் பேச்சில் மங்கலத்தின் பெயர் அடிபட்டிருக்கும், கொடி கேட்டுக்கொண்டிருந்திருக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட குடும்பங்களுக்கு மங்கலம் ஒரு தலைமுறைக்கே கல்யாணம் செய்து வைத்திருந்தாள். எல்லாம் மனப்பாடம், காகிதம் கிடையாது. அவள் விதி ஒன்றே ஒன்றுதான்: பழக்கமான குடும்பம், பக்கத்துத் தெரு, ஒரே மாதிரிக் குழம்பு. தூரத்து வரன் தலைவலி. இது அவள் அப்பா பகவதிப்பெருமாள் போட்ட விதி. சாலை பஜாரில் ஒரு கடையில் கணக்கு எழுதிய அவர், மகளுக்கு வந்த வரன்களை இதே விதியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார். ஒருவன் தென்காசிக்காரன், ஒருவனின் தாய்வழி சரியாகத் தெரியவில்லை, இன்னொருவனின் வீட்டில் சாம்பாருக்கு வெல்லம் போட்டார்கள். விதி குறையில்லாமல் இருந்தது, அவர் போய்ச் சேர்ந்தார், மங்கலத்துக்கு ஐம்பத்தொரு வயது ஆனது. அவளுக்கு அதில் வருத்தம் உண்டு. ஊரார் கல்யாணச் சாப்பாடு முடித்து வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையை மடிக்கும்போது மட்டும் வருத்தப்படுவாள், மடித்து முடிந்ததும் விட்டுவிடுவாள்.

மூன்றாம் நாள் ஹெல்மெட்டோடு ஒரு பெண் படியேறி வந்து, கொடியைப் பார்த்ததும் அழுதாள். பத்மப்ரியா என்று பெயர், மலையடிவாரத்துத் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மாதாந்திரப் பார்வைக்குக் கல்லாற்றுக்குப் போனவள், வேரையும், ஊரைப் பார்த்துப் போகிற தண்டையும் மட்டும் கண்டு, கம்பியைப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டரில் இதுவரை வந்திருந்தாள். "ஆன்ட்டி, இது வெட்டுப்பட்டிருக்கும்ணு நெனச்சே வந்தேன்," என்றாள். காபி குடித்தபின் விவரம் சொன்னாள். மரமஞ்சளில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பூக்கவே பல வருடம் பிடிக்கும். அந்த மஞ்சள் கட்டைக்கு சர்க்கரை நோய்க்காரர்கள் முதல் கண்வலிக்காரர்கள் வரை ஆசைப்பட, மருந்துக்கு வெட்டுகிறவர்கள் காட்டைக் காலி செய்துவிட்டார்கள். கல்லாற்றுப் பக்கம் பூக்கிற வயதில் மிஞ்சிய ஆண்கொடி இது ஒன்றுதான். இதுவும் போனால் இதோடு அந்த வம்சம் முடிந்தது.

மறுநாள் மின்சார அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் ஹரிகுமார் வந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் கம்பியில் உரசுகிற கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளுவது இங்கே வழக்கம், டச்சிங் வெட்டு என்பார்கள். ஹரிகுமார் நல்ல மனிதர், கொடியிடமும் ஒரு வணக்கம் வைத்தார். ஆனால் கல்லாறு முதல் கரமனை வரை கம்பி மேல் கிடக்கிற ஒன்றை அவரால் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. "சித்திரை முடியிற வரைக்கும் நான் ஒண்ணும் கண்டில்ல சேச்சி. அதுக்குள்ள இது கல்யாணம் கழிஞ்சு வீட்டுக்குப் போயிரணும்," என்றார். அதற்குப் பிறகும் கம்பியில் கிடந்தால் துண்டு துண்டாக வெட்ட வேண்டியதுதான்.

மங்கலத்துக்கு இது சின்ன வேலையாகத் தெரிந்தது. கல்லாற்றின் மறுகரையில், மாப்பிள்ளையின் வேரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பெண்கொடி இருப்பதாகப் பத்மப்ரியாவே சொல்லியிருந்தாள். ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே மலைக்காற்று, பக்கத்து வீடு மாதிரி. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? பத்மப்ரியா, பொறுங்கள், இலைகளைச் சோதித்துப் பார்த்துவிடுகிறேன் என்றாள். "மோளே, நான் பாக்காத பொருத்தமா?" என்று மங்கலம் வெற்றிலைத் தாம்பாளத்தோடு பஸ் ஏறிவிட்டாள். கொடி கரமனையிலிருந்து தலையை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பியது. மாசியில் கல்யாணம் நடந்தது. பங்குனியில் காய் பிடித்தது, பார்க்கக் கொழுகொழுவென்று. பத்மப்ரியா ஒன்றை உடைத்தாள். உள்ளே விதை இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஒரு கூடைக் காயையும் உடைத்துப் பார்த்தார்கள், எல்லாம் காற்று.

அன்றைக்கு மாலையே இலைகளின் மரபணுச் சோதனை முடிவும் வந்தது. பத்மப்ரியா கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். இருட்டில் வரிவரியாக வெள்ளைக் கோடுகள், மாப்பிள்ளைக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வெட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனபின் ஒரே ஒரு தாய்க்கொடி கொஞ்ச காலம் தப்பியிருந்தது, இப்போது கல்லாற்றில் மிஞ்சியதெல்லாம் அதன் பிள்ளைகள். மங்கலம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கூடப்பிறந்தவளைக் கட்டி வைத்துவிட்டாள். அவள் வாழ்நாளில் பேசி முடித்ததில் இப்படி ஒரு அவமானம் கிடையாது. மாப்பிள்ளைக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும், மூன்று நாள் இலையைச் சுருட்டிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் கிடந்தது. அப்புறம் மறுபடி கம்பியைப் பிடித்து, மறுபடி கரமனைக்கு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தது. சித்திரை பிறந்துவிட்டது.

"ஆன்ட்டி, இதுக்கு தூரந்தான் பொருத்தம்," என்றாள் பத்மப்ரியா. "கோடு எவ்வளவு மாறியிருக்கோ அவ்வளவு நல்லது. ஒரு நோய் வந்தா எல்லாம் ஒண்ணா சாகாது. ஒரு வருஷம் மழை ஏமாத்தினா சிலதாவது தாங்கும்." மங்கலத்துக்கு இதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. அப்பாவின் விதியை அப்படியே தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் உடைத்த காய்களின் வெறுமையை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள், இனி பாராததுபோல் இருக்க முடியாது.

பத்மப்ரியா தேடிப் பார்த்ததில், கோடு மாறிய பெண்கொடி ஒன்று தெற்கே, எல்லைப் பக்கம், வெள்ளறடையில் இருந்தது. நேசையன் என்பவரின் ரப்பர்த் தோட்டத்துக்குப் பின்னால் பாறையும் புதருமாக ஒரு துண்டுக் காடு, அதில் அது வருடா வருடம் பூத்து, ஒரு காய்கூடப் பிடிக்காமல் உதிர்த்துக்கொண்டிருந்தது. மலடு, வெட்டி விற்றுவிடு என்று ஊரார் சொன்னபோதெல்லாம் நேசையன் கேட்கவில்லை. மனைவி இறந்து, மகள் ஜிஜி நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போனபின், வீட்டுப் பக்கம் பூக்கிறது என்று சொல்ல அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. மங்கலம் தாம்பாளத்தோடு போய் நின்றதும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து, பெண்ணைப் பெற்றவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்.

"பயலுக்க வேரு எங்க?"

"கல்லாத்துல."

"குடி உண்டுமா?"

"மழத்தண்ணி மட்டும்."

"அப்பன் அம்மை?"

"இல்ல. மருந்துக்கு வெட்டிட்டுப் போயிட்டாங்க."

நேசையன் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எனக்க கொடிக்கும் ஆளில்ல," என்றார் பிறகு. "சரி சம்மந்தி. பயல வரச் சொல்லுங்க. கப்பயும் மீன்கறியும் இருக்கு, நிங்க சாப்பிட்டுட்டுப் போவணும்." மங்கலம் மீன் சாப்பிட மாட்டாள். மரவள்ளிக் கப்பையை மட்டும், அங்கே சம்மந்தி என்று சொல்கிற காந்தாரி மிளகாய்த் துவையலோடு தின்று, கண்ணில் தண்ணீர் வர, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றாள்.

கொடி தெற்கே கிளம்பியது. பாலராமபுரம் தாண்டி நெய்யாற்றின்கரையை நெருங்கும்போது கோடைமழை முந்திக்கொண்டது, டச்சிங் வெட்டும் முந்திக்கொண்டது. பேரூர்க்கடையில் ஏணி வைத்துவிட்டார்கள் என்று பத்மப்ரியா போனில் கதறினாள். மங்கலம் ஆட்டோ பிடித்துப் போய்க் கம்பத்தடியில் நின்றாள். ஹரிகுமார் கையைப் பிசைந்தார், இந்த முறை மேலிடத்து உத்தரவு, அவர் பார்க்காமல் இருந்தாலும் நடக்காது. மங்கலம் கெஞ்சவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாப்பிள அழைப்பு போயிட்டிருக்கு சாரே. இங்க வால் நிக்குது, தலை நெய்யாத்தின்கரை கிட்ட போயாச்சு. ஊர்வலத்துக்கு நடுவுல ஏணி வைப்பாங்களா?" என்று கேட்டாள். ஹரிகுமார் யோசித்தார். இந்த நகரத்தில் கல்யாண ஊர்வலமானாலும் கோயில் ஊர்வலமானாலும் பஸ் நிற்கும், ஆம்புலன்ஸ் தவிர எல்லாம் நிற்கும். மேலிடத்துக்குப் போன் செய்து, வழியில் ஊர்வலம், முடிந்ததும் வெட்டலாம் என்று உண்மையைச் சொன்னார். அவருடைய ஆட்கள் வெட்டரிவாளை வைத்துவிட்டு மூங்கில் கழியால் கொடியைக் கம்பியிலிருந்து ஒரு முழம் தூக்கிப் பிடித்தார்கள். ஒவ்வொரு செக்ஷன் ஆட்களும் அடுத்த செக்ஷனுக்குச் சொல்லிவிட, கல்லாறு முதல் வெள்ளறடை வரை மழையில் நனைந்துகொண்டே தூக்கிப் பிடித்தார்கள். சித்திரை முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளைக் கொடி நேசையனின் பாறையில் ஏறிப் பூத்தது. அதற்கு மேல் எழுதுவது நாகரிகமில்லை. தேனீக்கள் நிறைய வந்தன என்று மட்டும் சொல்லலாம்.

கொடி தலையை இழுத்துக்கொண்டு கல்லாற்றுக்குத் திரும்பியது. நேசையன் தினமும் மங்கலத்துக்குப் போன் செய்து காய் எத்தனை பிடித்தது, எத்தனை பருத்தது என்று சொன்னார். காய் பழுத்தபின் கப்பை விளைச்சலைப் பற்றிச் சொன்னார், அப்புறம் மழையைப் பற்றி, அப்புறம் சொல்ல ஒன்றுமில்லாமலும் போன் செய்தார். பழத்தை உடைத்தபோது ஒவ்வொன்றிலும் கனமான விதை இருந்தது. பத்மப்ரியா பாதியை வெள்ளறடையிலும் பாதியைக் கல்லாற்றிலும் ஊன்றினாள். மாதக்கணக்கில் காக்கவைத்து முளைத்தன, ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்றுக்கு இலை அகலம், ஒன்றுக்குத் தண்டில் சிவப்பு, ஒன்று நிழலுக்கு ஓடியது, ஒன்று வெயிலில் காலை நீட்டியது. மங்கலம் அவற்றின் நடுவில் குந்தி உட்கார்ந்து, பேரன் பேத்திகளைப் பார்க்கிறவள் மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தையில், அதே வெள்ளிக்கிழமை, அதே பால் நேரத்தில் காலிங் பெல் அடித்தது. அதே கொடி. "இனி உனக்கு என்னடே வேணும்?" என்று மங்கலம் கதவைத் திறந்தாள். கொடிக்குத் தனக்கென்று ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதன் நுனி முழுச் சுற்றாக ஒருவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. வெள்ளறடையிலிருந்து முதல் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு வரப்பட்ட நேசையன், வெள்ளைச் சட்டையோடு, செருப்பை வெளியே விடலாமா உள்ளே விடலாமா என்று நின்றுகொண்டிருந்தார். முந்தாநாள் முதல் இது தன் வாசலை மறித்து நிற்பதாகவும், ரப்பர் வெட்டப் போக விடவில்லை என்றும், வரன் கொண்டுவந்திருக்கிறது என்று தனக்குப் புரியவே ஒரு நாள் ஆனது என்றும் சொன்னார்.

மங்கலத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் வெட்கம் வந்தது, அதைவிடச் சந்தோஷம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு, தொழில் பழக்கத்தில் பொருத்தம் பார்த்தாள். ஊர் வேறு. குடும்பம் வேறு. கோயில் வேறு, கோயிலே இல்லை, சபை. குழம்பு வேறு, அதில் மீன் வேறு. நட்சத்திரம் என்னவென்று அவருக்கே தெரியாது. தென்காசிக்காரனுக்கே கதவைச் சாத்திய அப்பா சுவரில் மாலையோடு இருந்தார். மங்கலம் ஒருமுறை அவரைப் பார்த்தாள், பிறகு நேசையனைப் பார்த்தாள்.

"பொருத்தம் ஒண்ணுகூட இல்ல," என்றாள்.

"அதுனாலதான் சம்மந்தி வந்தேன்," என்றார் நேசையன்.

மாசியில் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. மஞ்சள் கயிற்றுக்குச் சாயம் கொடியே கொடுத்தது, தானாக உதிர்த்த பட்டையிலிருந்து. ஹரிகுமாரும் பத்மப்ரியாவும் எதிர்வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கரமனையில் இப்போது வெள்ளிக்கிழமைகளில் செடிகொடிகளுக்கும் மற்ற நாட்களில் மனிதர்களுக்கும் மங்கலம் வரன் பார்க்கிறாள், இரண்டு தரப்பிடமும் முதலில் தூரத்தைத்தான் விசாரிக்கிறாள். டச்சிங் வெட்டுக்கு வருகிறவர்கள் மூங்கில் கழியையும் கூடவே கொண்டுவருகிறார்கள். நேசையன் மீன் குழம்பைக் கொல்லைப்புற அடுப்பில் தனியாக வைத்துக்கொள்கிறார், காந்தாரிச் சம்மந்தியை இரண்டு பேருக்குமாக அரைக்கிறார். கல்யாணமாகி இத்தனை நாளாகியும் இருவரும் ஒருவரையொருவர் சம்மந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், தெருவில் யாரும் அதைத் திருத்துவதில்லை.