தில்லைநாதனின் முதல் மான்

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனிதர், ஐம்பது வயதைத் தாண்டியதும் சொந்தக் காசில் ஒரு துவக்கு வாங்கினார். கஜலக்சுமிக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். இரண்டு வருடமாகச் சொன்னாள்.

அவள் கணவர் தில்லைநாதன் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் சமையற்காரர். அவள் அதே ஹோட்டலில் துணி தோய்த்து மினுக்குகிறவள். ஹோட்டல் உணவகத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வட்ட மேசை உண்டு. இலையுதிர் காலத்தில் அதில் ஊர் வேட்டைக்காரர் மட்டும் இருப்பார்கள். அவர்கள் சுட்ட மானை இருபது வருடத்துக்கு மேலாகத் தில்லைநாதன்தான் சமைத்துக் கொடுத்தார். நல்ல ருசி என்று உள்ளே சொல்லி அனுப்புவார்கள். வந்து இரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மேசையில் அவருக்கும் இருக்க ஒரு கதிரை வேண்டும். துவக்கு அதற்குத்தான்.

இந்த மாநிலத்தில் செப்டம்பரில் பெருவேட்டை. மான், மலையாடு எல்லாம் அப்போதுதான் சுடலாம். அதற்குப் பரீட்சை எழுத வேண்டும், காட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும், குறி பார்த்துக் காட்ட வேண்டும். பல்கனிப் பூச்சாடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றாத மனிதர் லீவு நாட்களில் மலைக்குப் போய் மான்களுக்காகப் புல் வெட்டினார். பல்லைப் பார்த்து வயது சொல்லப் பழகவென்று ஒரு மான் தாடையைக் கொண்டுவந்து சாமித்தட்டுக்குக் கீழே வைத்தார். கஜலக்சுமி அதைப் பல்கனிக்கு அனுப்பினாள். பிறகு தொலைநோக்கி வந்தது. பின்னேரங்களில் யன்னலோரம் குந்தியிருந்து எதிர்வீட்டுப் பூனையைக் கவனித்தார். பூனை அவரை முதலில் கண்டுவிடும்.

விதிகளைச் சத்தம் போட்டுப் பாடமாக்கினார். அவள் சேட்டுகளை மினுக்கிக்கொண்டே கேட்டாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடம். பால் கொடுக்கும் பெண்மானைச் சுடக் கூடாது. தவறிச் சுட்டால், வேட்டைக் காவலரிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் சின்னத் தண்டம், இறைச்சி போகும், அவ்வளவுதான். மறைத்தால் குற்றம்.

பரீட்சையில் பாஸ் பண்ணிய அன்று பச்சைத் தொப்பி வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார். தக்காளி வாங்க.

அந்தச் செப்டம்பரின் முதற் புரட்டாதிச் சனி. கஜலக்சுமி விரதம். வீட்டில் மச்சம் இல்லை. மத்தியானம் விளக்கேற்றிவிட்டு நிமிர, கீழே வாகனச் சத்தம். தில்லைநாதன் மானோடு வந்து இறங்கினார். ஹோட்டலில் குழாய், மின்சாரம் திருத்துகிற ரேத்தோ கூட வந்தான். அவன்தான் இவரைத் தன்னோடு மலைக்குக் கூட்டிப் போனவன், வட்ட மேசையில் இருக்கிறவன். இருவருமாகக் கராஜில் மானைக் கொக்கியில் தூக்கிவிட்டார்கள். ரேத்தோ மானின் வயிற்றுப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தில்லைநாதனைப் பார்த்தான். கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டான்.

தில்லைநாதன் மனைவியைக் கீழே கூப்பிட்டார். எந்தச் சரிவு, எந்த ஓடைக்கரை, காற்று எந்தப் பக்கம், மான் எந்தப் பக்கம், தான் எந்தக் கல்லுக்குப் பின்னால் என்று விளக்கினார். ரேத்தோ அடுத்த சரிவில் நின்றானாம், சுட்டது முழுக்கத் தன் வேலையாம். மானின் வாயில் ஒரு பைன் கொப்பு செருகியிருந்தது. அது இங்கத்தைய வேட்டைக்காரர் வழக்கம், செத்த மிருகத்துக்குக் கடைசிக் கவளம் என்றார்.

"வாய்க்கரிசி போட்டிட்டு வந்திருக்கிறியள்," என்றாள் கஜலக்சுமி. "அப்ப எங்களுக்கு எத்தினை நாள் துடக்குக் காக்கவேணும்?"

"உமக்கு எல்லாம் பகிடி."

அவர் குளிக்கப் போனார். அவள் அவருடைய காற்சட்டையைத் தோய்க்க எடுத்தாள். இரத்தம் எதிர்பார்த்ததுதான். அதற்கு மேலே, தொடையில், வெள்ளையாகக் காய்ந்து ஒரு திட்டு. மணந்து பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

திரும்பக் கராஜுக்குப் போனாள். மடி இருக்க வேண்டிய இடத்தில் மடி இல்லை. கத்தியால் வழித்து, ஓரம் ஒதுக்கி, விருந்துக்கு வெட்டியது போல் துப்புரவாக எடுத்திருந்தது. அவ்வளவு வடிவாக வெட்ட இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு வேட்டைக்காரரால்தான் முடியும்.

குளித்துவிட்டு வந்தவரிடம் கேட்டாள். முதலில் மான் தனியாகத்தான் நின்றது என்றார். பிறகு கனநேரம் பார்த்ததாகவும் குட்டியைக் காணவில்லை என்றும் சொன்னார். பிறகு கட்டிலில் இருந்தார். சுட்டு முடிய, பற்றைக்குள்ளிருந்து குட்டி வந்ததாம். தாயை மணந்துவிட்டு அங்கேயே நின்றதாம். கல்லெறிந்துதான் கலைத்தாராம். ரேத்தோ வருவதற்கு முன் மடியை வெட்டி ஓடைக்குள் எறிந்தாராம்.

"போய்ச் சொல்லுங்கோ. நீங்கள்தானே பாடமாக்கினீங்கள், சொன்னால் சின்னத் தண்டம் எண்டு."

"உமக்கு இவங்களைத் தெரியாது. தானாப் போய் வாயைத் திறந்தவன் ஒருத்தனும் தப்பினதில்லை. பிறகு அந்த மேசைப் பக்கம் நான் தலைகாட்டேலுமோ?"

கஜலக்சுமிக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அந்தக் காலத்தில், தலைநகர் பேர்ணில் அகதி விசாரணைக்கு முதல், இவர் அவளை நாட்கணக்காகப் பழக்கினார். கேட்டதற்கு மட்டும் பதில். கூட ஒரு சொல் வேண்டாம். எத்தனை தரம் கேட்டாலும் அதே சொற்கள், அதே வரிசை. நடந்த உண்மையையே இருவரும் தேவாரம் போலப் பாடமாக்கினார்கள். ஒரு சொல் பிசகினால் பொய்யென்று அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அன்று அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருந்தது. இன்று இவர் இந்த நாட்டுக் குடிமகன், தலையில் பச்சைத் தொப்பி. பயம் மட்டும் அப்படியே இருந்தது, இம்முறை உண்மை இல்லாமல்.

இரவு முழுக்க அவர் முணுமுணுத்துக்கொண்டு கிடந்தார். காலையில் காற்சட்டையைத் தோய்த்தீரா என்று கேட்டார். இல்லை என்றாள். இன்று ஞாயிறு, ஓய்வு நாள், மெஷின் போட்டால் கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள் என்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு வேட்டைக் காவலர் வந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க பெண், அமைதியானவர். சுட்ட பெண்மான்களைப் பார்ப்பது அவருடைய வேலை. கொக்கியில் தொங்கியதை ஒருமுறை சுற்றி வந்தார். மடி எங்கே என்று கேட்டார்.

தில்லைநாதன் நிமிர்ந்து நின்றார். தான் இருபத்தைந்து வருடச் சமையற்காரன் என்றும், இறைச்சியைக் கண்டால் கை தானாகத் துப்புரவாக்கிவிடும் என்றும், மடி காய்ந்து சுருங்கிப் போயிருந்தது என்றும், மான் தனியாக நின்றது என்றும் சொன்னார்.

காவலர் தலையாட்டினார். வேறு ஏதோ கேட்டார், வானிலை பற்றி. பிறகு, மான் எப்படி நின்றது என்று திரும்பவும் கேட்டார். தில்லைநாதன் இருபத்தைந்து வருடச் சமையற்காரனில் தொடங்கினார். அதே சொற்கள், அதே வரிசை. மூச்சு விட்ட இடம்கூட மாறவில்லை. கஜலக்சுமி தேநீர்த் தட்டோடு படியில் நின்றாள். முப்பது வருடத்துக்கு முந்திய அறையொன்றில் நிற்பது போல் இருந்தது அவளுக்கு.

காவலர் துவாலையில் கையைத் துடைத்தார். காலையில் மலையேறப் போனவர்கள் ஒரு மான்குட்டி கத்துவதைக் கேட்டிருக்கிறார்கள் என்றார். எந்தச் சரிவென்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தாயில்லாத குட்டி பனிக்காலத்தைத் தாங்காது, அதற்கு முதல் நரி பார்த்துக்கொள்ளும். இடம் தெரிந்தால் தான் இன்றே போய், அது வதைபடாமல் சுட்டு முடித்துவிடலாம். எதையாவது கண்டீர்களா?

பாடமாக்கிய கதையில் குட்டிக்கு இடமிருக்கவில்லை.  தில்லைநாதன் மூன்றாவது தரமாக, தான் இருபத்தைந்து வருடச் சமையற்காரன் என்றார்.

"சொல்லுங்கோ," என்றாள் கஜலக்சுமி தமிழில். "அதுக்காவது சொல்லுங்கோ."

"நீர் பேசாமல் இரும்."

காவலர் அவள் பக்கம் திரும்பினார். உங்கள் கணவர் ஒரு குட்டியைப் பற்றிக் கதைத்தாரா என்று கேட்டார்.

கேட்டதற்கு மட்டும் பதில். கூட ஒரு சொல் வேண்டாம்.

"யா," என்றாள் கஜலக்சுமி காவலரின் மொழியில்.

எங்கே என்றார் காவலர். அந்தக் கல்லை, அந்தச் சரிவை, அந்த ஓடையை நேற்றுக் கணவர் பெருமையாக விளக்கியிருந்தார் அல்லவா. கேட்ட ஒழுங்கில் சொன்னாள்.

காவலர் போகும்போது தில்லைநாதனிடம் ஒன்று சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார். கொக்கியைப் பார்த்த உடனேயே தனக்கு விளங்கிவிட்டதாம். தில்லைநாதனாகவே சொல்லட்டும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். சொல்லியிருந்தால், சுட்டவரே முன்வந்து சொன்னதாகக் காவலர் எழுதியிருப்பாராம். மனைவி சொன்னதை அப்படி எழுத முடியாதாம்.

குட்டி அன்று மாலையே கிடைத்தது. தாய் விழுந்த இடத்திலேயே நின்றதாம்.

வேட்டை உரிமை பல வருடங்களுக்குப் பறிபோனது. தண்டம் சின்னதாக இருக்கவில்லை. ரேத்தோ ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றான். கொக்கியில் தூக்கும்போதே கண்டேன், நீ சொல்வாய் என்று பார்த்தேன் என்றான். அந்த மேசையில் பால்மானைச் சுடாதவன் ஒருவனும் இல்லையாம். சுட்டவன் போய்ச் சொல்லுவான், எல்லாருக்கும் ஒரு சுற்று வைன் வாங்கிக் கொடுப்பான், மற்றவர்கள் அவனை ஒரு குளிர்காலம் முழுக்கக் கேலி செய்வார்கள். கதிரை கிடைப்பது அப்படித்தானாம். நான் உனக்கொன்று இழுத்து வைத்திருந்தேன் என்றான் ரேத்தோ. அதை இனித் தள்ளி வைக்க வேண்டும்.

தில்லைநாதன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். அவள் ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தாரோ தெரியாது.

"பேர்ணிலை தப்பினனாங்கள்," என்றாள் அவள். "அது உண்மை எண்டபடியால். நீங்கள் பாடமாக்கினபடியால் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள்."

அவர் பதில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

ஒக்டோபரில் வட்ட மேசை நிறைந்தது. தில்லைநாதன் மானை வழக்கம் போல நன்றாகச் சமைத்தார். நல்ல ருசி என்று உள்ளே சொல்லி அனுப்பினார்கள்.

துவக்கு விற்றுப் போனது. அதை வைத்த இரும்புப் பெட்டியை யாரும் வாங்கவில்லை. கஜலக்சுமி அதற்குள் அரிசி மூட்டையை வைத்துப் பூட்டினாள். நல்ல பூட்டு. பச்சைத் தொப்பியையும் அதற்குள்ளேயே போட்டாள், அரிசி அளப்பதற்கு.