மூன்று முறை கழுவிய பாட்டில்

எனக்குப் பொறாமை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பொறாமைதான். இல்லை என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

பதினோரு வருடமாக மேல் தெருத் தொட்டியிலிருந்து தண்ணீர் விடுகிறவள் நான். மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, க்ளோரின் கலப்பது எல்லாம் என் கை. கீழ்த் தெருத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. ஊருக்கு நான் பெரியவள், அவள் சின்னவள். வால்வை எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். இப்போது எங்கே போனாலும் சின்னவள் புராணம்.

அந்த ஆராய்ச்சி மேடம் வந்ததிலிருந்து ஆரம்பித்தது இது. சின்னச் சின்ன ஊர்களில் குடிதண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். மாதம் ஒரு முறை குழாயில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். ஐந்து மணி நேரம் போய் ஆய்வகத்தில் இறங்கும். எவ்வளவு கிருமி என்று எண்ணி அவர்கள் எழுதி அனுப்புவார்கள்.

பம்பு அறையில் எங்கள் இருவருக்கும் பயிற்சி. மேடம் வாயைத் திறந்து பத்து நிமிடம் ஆகவில்லை, சின்னவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், தொட்டியில க்ளோரின் சரியா இருந்தாலும் கடைசி வீட்டுக் குழாய்க்குப் போறப்ப குறைஞ்சிடுமில்ல? அப்ப எங்க பிடிக்கணும்?"

"அட, இந்தக் கேள்வியை எங்க மாணவர்களே கேட்கல!" என்றார் மேடம்.

எனக்குக் காது சுட்டது. தெரியாத விஷயமா இது? பதினோரு வருடமாகத் தெரியும். தெரிந்ததை யாராவது கேள்வியாகக் கேட்பார்களா? மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். மோட்டார் போட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சாயங்காலம் சின்னவள் நோட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க போனப்புறம் மேடம் சொன்னதெல்லாம் எழுதி வச்சிருக்கேன். படிச்சுக் காட்டட்டுமா?"

"ஒரு பாட்டில்ல தண்ணி பிடிக்க எனக்கு நீ பாடம் எடுக்கணுமா? போய் உன் வேலையைப் பாரு."

அவள் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பாட்டில்கள் வந்தன. மூடியைத் திறந்து பார்த்தால் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. பல்கலைக்கழகத்துப் பாட்டிலின் லட்சணத்தைப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். அப்புறம் வெந்நீர் ஊற்றி மூன்று முறை கழுவி, சுத்தமான துணியில் கவிழ்த்துக் காயவைத்துத்தான் தண்ணீர் பிடித்தேன். மாதா மாதம் அப்படித்தான். என் தொட்டியையும் என் பாத்திரத்தையும் குறை சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது.

மாதத்துக்கு ஒன்றாக மூன்று மாத முடிவுகள் வந்தன. மேல் தெரு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கீழ்த் தெரு ஆறு, ஒன்பது, நாலு. முதல் முடிவு வந்ததுமே சின்னவள் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னாள். மேல் தெருவில் நாங்கள் குழாயிலிருந்து அப்படியே பிடித்துக் குடித்தோம். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, என் மகளுக்கும்தான். வெயில் சூடு என்று எல்லோருக்கும் நானே சொன்னேன். கீழ்த் தெருவில் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்க் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. இரண்டு தொட்டியையும் ஒரே குழாயில் இணைக்கப் போகிறார்கள். இனி ஒரே ஆபரேட்டர். பெரியவளா சின்னவளா என்று மேடத்தை வைத்துக்கொண்டு தீர்மானிப்பதாகத் தலைவர் அறிவித்தார். தொட்டிச் சாவி என் இடுப்பில் இல்லாத ஒரு நாளை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு சின்னவள் தண்ணீர் பிடிப்பதை மறைந்து நின்று பார்த்தேன். குழாய் வாயை நெருப்பு காட்டிச் சுட்டாள். கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டாள். பிறகு பாட்டிலைத் திறந்து, கழுவாமல் கொள்ளாமல் அப்படியே பிடித்து மூடினாள். பொடியோடு! வசமாக மாட்டினாள் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கூட்டத்தில் தலைவர் முடிவுகளைப் படித்தார்.

"மேல் தெரு மூணு மாசமும் சைபர். இதுக்கு மேல என்ன பேச்சு? பெரியவளே பார்க்கட்டும்."

பத்துத் தலைகள் ஆடின. சாவி எனக்குத்தான். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மேடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"முடிவு உங்களோடது. ஆனா சின்னவங்க வேலை ரொம்ப ஒழுங்கான வேலை. அதையும் பதிவு பண்ணிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன்.

"ஒழுங்கா? பாட்டிலைக் கழுவக்கூட மாட்டா மேடம். அடியில வெள்ளையா பொடி கிடக்குது, அதோடயே பிடிக்கிறா. நான் கண்ணால பார்த்தேன். நான் ஒவ்வொரு வாட்டியும் வெந்நீர்ல மூணு தடவை கழுவுறேன், தெரியுமா?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு மாசமுமா?"

"ஒரு மாசம்கூட விட்டதில்ல."

"அந்தப் பொடி வேணும்னுதாம்மா போட்டிருக்கு. தண்ணி பாட்டிலுக்குள்ள போனதும் க்ளோரினை அது அடக்கிடும். கழுவிட்டா, பஸ்ல போற அஞ்சு மணி நேரமும் க்ளோரின் உள்ள கிருமியைக் கொன்னுக்கிட்டே இருக்கும். ஆய்வகத்துல பார்க்கிறப்ப சைபர்தான் வரும். ஆனா உங்க தெருவுல குழாய்ல பிடிச்ச உடனே குடிக்கிறாங்க, அஞ்சு மணி நேரம் கழிச்சு இல்லையே."

கடைசி வரிசையில் ஒரு அம்மா தன் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார். என் மகளின் வெளிறிய முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. வெயில் சூடு என்று நான் சொன்ன ஒவ்வொரு வீட்டு வாசலும் ஞாபகம் வந்தது.

அப்போது சின்னவள் எழுந்தாள்.

"தப்பு என் மேலதான் மேடம். அன்னைக்கு அக்கா மோட்டார் போடப் போயிட்டாங்க. நீங்க சொன்னதை நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்."

பச்சைப் பொய். எனக்காகச் சொன்ன பொய். தலைவர்கூட, "அப்ப பெரியவ மேல என்ன தப்பு?" என்று இழுத்தார். நான் தலையை ஆட்டினால் போதும், சாவி என்னிடமே இருந்திருக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க அவள் எனக்குச் செய்த உபகாரத்தில் அல்லவா அது தொங்கும்! கேள்வியில் முந்தினாள், வேலையில் முந்தினாள், இப்போது நல்ல மனசிலும் முந்துகிறாளா? அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பொய் சொல்றா. நோட்டை எடுத்துக்கிட்டு வீடு தேடி வந்தா. நான்தான் துரத்திவிட்டேன். இவளைப் பாராட்டினது பொறுக்காமத்தான் அன்னைக்குப் பயிற்சியில இருந்து எழுந்து போனேன்" என்றேன்.

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன்.

மறுநாள் கழுவாத பாட்டிலில் பிடித்து அனுப்பினோம். பதினாலு என்று முடிவு வந்தது. என் தொட்டி மூடியின் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது, கோடை மழையோடு பறவை எச்சமும் அதன் வழியாக இறங்கியிருக்கிறது. தொட்டியைக் கழுவிய நான் ஒரு நாளும் மூடியைத் திருப்பிப் பார்த்ததில்லை.

மேல் தெருவுக்குச் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சின்னவள் கூட வந்தாள். நீ அந்தப் பக்க வீடுகளைப் பார், இந்தப் பக்கம் என்னுடையது என்று பிரித்துவிட்டேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், இத்தனை நாள் நான் சொன்னது தப்பு என்று வாசல் வாசலாக நின்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒருத்தி என் முகத்திலேயே கதவைச் சாத்தினாள். வாங்கிக்கொண்டேன்.

கடைசி வீட்டு அம்மா மட்டும், "உன் தப்பை நீயே வந்து சொல்றியே, அதுக்கும் ஒரு மனசு வேணும்மா" என்றார்.

சின்னவள் எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அது அவள் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.